எதிர்க்கடையில் சாப்பிட்டவன்

சேவூர்,
10-7-1983

அன்புள்ள சிவப்பிரகாசம் அண்ணன் அவர்களுக்கு, தம்பி ஜெகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை.

இந்தக் கடிதத்தை மணவாளன் உங்கள் கையில் கொடுப்பான். போன வாரம் பட்டு நூல் வாங்கப் பெங்களூர் வந்தபோது, நீங்கள் ஒரு ஓட்டலில் மேஜை துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தானாம். நீங்கள் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டதால் பேசாமல் வந்துவிட்டான். என்னிடம் மட்டும்தான் சொன்னான். வந்தவாசியில் உறவுக்காரரிடம் பணம் கேட்டு வருகிறேன் என்று நீங்கள் பஸ் ஏறி முப்பத்தாறு நாள் ஆகிறது. கிணறு, ஏரி என்று நாங்கள் தேடாத இடமில்லை. உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன்.

உண்ணாமலை அண்ணியிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மேஜை துடைத்ததை விட்டுவிட்டு, பெங்களூரில் ஒரு ஓட்டலில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். "அங்க வேளைக்குச் சோறு போட்றாங்களாப்பா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

நீங்கள் போன எட்டாம் நாள் அண்ணி உங்கள் ஓட்டலைத் திறந்தார். சமையல் பார்த்த சரக்கு மாஸ்டர் பொன்னுசாமி வேலையை விட்டு நின்றுவிட்டார். அவர்பேரில் குற்றமில்லை, அவருக்கும் நான்கு வயிறு இருக்கிறது. காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு, எல்லாம் அண்ணி ஒருத்திதான். முதல் நாள் இட்லி கல்லாக இருந்தது. முள்ளிப்பட்டு ஆட்கள் ஏழு பேர் வந்திருந்தார்கள்; ஒருவரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். இப்போது இட்லி நன்றாக வருகிறது. ஆனால் ஆள்தான் வருவதில்லை. மழை பொய்த்த வருஷம், பாதித் தறி நிற்கிறது. ஓட்டலில் சாப்பிட யாரிடம் காசு இருக்கிறது?

வாடகை பாக்கி என்று கட்டிடக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். பழைய வாடிக்கைக்காரர்கள் நாங்கள் பதினோரு பேர் போய் அவரிடம் கெஞ்சினோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நீங்கள்லாம் எதிர்க்கடையிலதான துன்னுகினு இருந்தீங்க? இப்ப இன்னா திடீர்ப் பாசம்?" என்றார்.

அது என்னைக் கேட்ட கேள்விதான், அண்ணே. எழுபத்தாறில் நூல் கிடைக்காமல் என் தறி இரண்டு மாதம் நின்றது. உங்கள் கண்ணில் படக்கூடாது என்று கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். நீங்கள் ஆள் விட்டு அழைத்தீர்கள். "எண்ணெ மாத்திகினு இருக்கேன் ஜெகநாதா. வடகறி ருசி எப்டிகீதுன்னு சொல்ல நாக்குள்ள ஆளா ஒருத்தன் வேணும். தெனம் வந்து பாத்துச் சொல்லு" என்றீர்கள். இரண்டு மாதம் ருசி பார்த்தேன். வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினீர்கள். எண்ணெய் மாறவே இல்லை என்று பொன்னுசாமி பிறகு சொன்னார்.

அப்படிச் சாப்பிட்ட நான், சித்திரையில் எதிர்க்கடை திறந்ததும் அங்கே போய் உட்கார்ந்தேன். முதல் நாள், எனக்கு நூல் கொடுக்கும் முதலாளியின் கணக்கப்பிள்ளை அழைத்துப் போனார். மறுநாளும் அதற்கு மறுநாளும் யாரும் அழைக்கவில்லை. மின்விசிறிக்கும் பாட்டுக்கும் பரோட்டாவுக்கும் ஆசைப்பட்டு நானாகத்தான் போனேன். வைகாசியில் ஒரு நாள் உங்கள் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தீர்கள். கூப்பிடக் கையைத் தூக்கினீர்கள், பிறகு அதே கையால் ஈ ஓட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்து வந்திருக்கலாம். இலையில் பாதி இருந்தது, சாப்பிட்டு முடித்தேன். அடுத்த வாரம் நீங்கள் பஸ் ஏறினீர்கள்.

கட்டிடக்காரர் ஒரு தவணை கொடுத்திருக்கிறார். வாடகைச் சீட்டு உங்கள் பேரில் இருப்பதால், வருகிற வெள்ளிக்கிழமை பதினைந்தாம் தேதி நீங்களே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் தைப்பொங்கல் வரை விடுவாராம். வராவிட்டால் பூட்டு. பணம் கொண்டுவர வேண்டாம். வந்து நில்லுங்கள், போதும். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தங்கள் தம்பி,
ஜெகநாதன்


சேவூர்,
24-7-1983

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

மணவாளன் கொடுத்த கடிதத்தை இரண்டு தரம் படித்தீர்களாம். "வரேன்னு சொல்லு" என்றீர்களாம். அதை அப்படியே அண்ணியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அண்ணி இரண்டு அடுப்பையும் மூட்டிவிட்டார். இட்லி, வடகறி, பூரி, பொங்கல், நீங்கள் நல்ல நாளில் போடுவது அத்தனையும் செய்தார். பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். வெகு நாளைக்குப் பிறகு உட்கார இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். ஒவ்வொரு பஸ் வரும்போதும் அண்ணி கரண்டியோடு தெருவை எட்டிப் பார்த்தார். கட்டிடக்காரர் நான்கு மணிக்கு வந்தார். கெட்டவரில்லை, ஆறு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். அண்ணிதான் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னும் எவ்ளோ நேரம்தான் குந்திகினு இருப்பீங்க, பாவம்" என்று அவரிடம் சொன்னார்.

பாத்திரங்கள் என் வீட்டில் இருக்கின்றன. அண்ணி தினமும் வந்து எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுப்பேறாத அண்டாவை ஏன் தேய்க்கிறீர்கள் என்று கேட்டேன். "அவரு வந்தா ஒடனே ஒலை வைக்கணுமே தம்பி" என்றார். மூன்று நாளாக அதுவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நேற்று என் மனைவி கற்பகத்தை அழைத்துக் காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்து, "எனக்கு எதுக்கும்மா, நீ போட்டுக்கோ" என்றாராம். கற்பகம் வாங்கவில்லை. அப்போதிலிருந்து அவரை விட்டு நகராமல் கூடவே இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணே.

கடைக்காக உங்களை அழைக்கவில்லை. கடை போய்விட்டது. யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கேட்கும் யோக்கியதை இந்த ஊரில் ஒருவனுக்கும் இல்லை, எனக்குச் சுத்தமாக இல்லை. எந்தப் பஸ் என்று பதில் எழுத வேண்டாம். பெங்களூர்ப் பஸ் வரும் நேரமெல்லாம் நான் ஸ்டாண்டில் நிற்கிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்காமலே நடங்கள். பையை மட்டும் என்னிடம் கொடுங்கள், பின்னால் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

தெய்வம் உங்களைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

தங்கள்,
ஜெகநாதன்