இழுக்கும், நிறுத்துமா?

இன்று காலை நம் வீட்டுப் பின்கட்டில் நின்றவர்கள்: உங்கள் தம்பி மகன் சீனு, அவன் அம்மா, அவர்கள் கார் ஓட்டுகிற டிரைவர், நான். உங்கள் தம்பி வரவில்லை. அவரால் வர முடியாது. முதுகெலும்பு விட்டுப்போய் ஆடியிலிருந்து படுக்கைதான். அவர் சொல்லி அனுப்பிய வார்த்தை மட்டும் வந்தது.

சீனுதான் கூண்டு வண்டி மேல் கிடந்த தார்ப்பாயை உருவினான். உருவியதும் அந்த வாசனை எழுந்தது. மக்கிய வேப்பிலை, கிரீஸ், உள்ளே நீங்கள் அடித்த பச்சைப் பெயிண்ட். இத்தனை வருஷம் மூடிக் கிடந்தும் பெயிண்ட் வாசனை போகவில்லை. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். வாசனை பிடிக்காமல் இல்லை. நீங்கள் உள்ளே இருந்து "இந்தா, அந்தத் திருப்புளியை எடு" என்று கை நீட்டுவீர்கள் போல இருந்தது.

சீனு தரையைப் பார்த்தபடி பேசினான்.

"பெரிம்மா, அப்பா சொன்னதை அப்படியே சொல்றேன், கோச்சுக்காதீங்க. 'அண்ணன் கூண்டை எங்கம்மாவுக்குத் தரலை. அண்ணியாவது எனக்குத் தருவாங்களான்னு கேட்டுக்கினு வா'ன்னாரு."

தருவதா வேண்டாமா என்று உங்களிடம் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டாளத்து ஏலத்தில் அந்தக் கூண்டை வெறும் டிரெய்லராக நீங்கள் எடுத்துவந்த நாளில் நம் தெருவே சிரித்தது. இரண்டு சக்கரம், ஒரு இரும்புப் பெட்டி, முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு கொக்கி. "இன்னாபா, சண்டைக்குப் போறியா?" என்றார் எதிர் வீட்டுக்காரர். நீங்கள் காதில் வாங்கவில்லை. மேலே தகரக் கூரை போட்டீர்கள், இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்தீர்கள், உள்ளே கயிற்றுக் கட்டிலை நாலு மூலையிலும் ஆணியடித்து இறுக்கினீர்கள். அத்தைக்கு, உங்கள் அம்மாவுக்கு, உட்கார முடியாது. ரயிலில் ஏற்ற ஒரு முறை தூக்கியபோது அவர் போட்ட கூச்சலில் போர்ட்டரே கீழே விட்டுவிட்டான். படுத்தபடியே போனால்தான் அவருக்குத் திருப்பதி. அடிவாரம் வரை கூண்டு, அங்கிருந்து மேலே டோலி. அப்படித்தான் திட்டம்.

கூண்டு தயாரானது. அதை எது இழுப்பது என்பதில்தான் வீடு இரண்டாகப் போயிற்று.

லாரி வேண்டாம் என்றீர்கள். லாரிக்குப் பின்னால் கூண்டு வாலாட்டம் ஆடும், உள்ளே இருப்பவர் உடம்பு தாங்காது என்று. டிராக்டர் என்று யாரோ சொன்னபோது உங்கள் தம்பிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "சாமி பாக்கப் போறமா, எருவடிக்கப் போறமா?" என்றார். மிச்சம் இருந்தது ரைஸ்மில்காரர் ஜீப்பும், தம்பி கணக்கு எழுதிய பட்டுக்கடை முதலாளியின் காரும். ஜீப்புக்கு என்ஜினை இறக்கி வைத்திருந்தார்கள். கார் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. முதலாளி டிரைவரோடு சேர்த்துத் தருகிறேன் என்றார். பெரிய மனசுதான்.

காரில் கொக்கி வைத்துக் கூண்டை மாட்டி ராஜ வீதி நான்கையும் சுற்றி வந்தார் தம்பி. கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வந்து இறங்கியவர் முகத்தில் கல்யாணக் களை.

"பாத்தியாண்ணா! பூவாட்டம் பின்னாடியே வருது."

"காலியா இருக்குது. வரும்," என்றீர்கள்.

"நிறைஞ்சாலும் வரும்ணா. எங்க முதலாளி கார் இழுக்காததா?"

அப்போது நீங்கள் சொன்ன வார்த்தை எனக்கு அன்றைக்கு அபசகுனமாகப் பட்டது. இன்றைக்குக் காதிலேயே நிற்கிறது. வாலிப வயதில் தேருக்குச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்ட கூட்டத்தில் நீங்கள் இருந்தவர். "தேரை இழுக்க ஊரே வரும்பா. கட்டை போடறவன் நாலு பேருதான். அந்த நாலு பேரு வரலைன்னா வடத்தைத் தொட விடமாட்டாங்க. இழுக்குமான்னு கேக்காதே. நிறுத்துமான்னு கேளு."

நம் ஊர் உள்ளங்கை போலச் சமம். இறக்கம் என்றால் கோயில் குளத்துப் படியும் ஏரிக்கரை மேடும்தான் நமக்குத் தெரியும். ராஜ வீதியில் ஓடிக் காட்டிவிட்டால் திருப்பதிக்கே ஓடும் என்று நினைப்பவர்கள் நாம். திருப்பதி போகிற வழியில் நகரி தாண்டினால் ரோடு எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று நீங்கள் மட்டும்தான் பட்டு விற்கப் போய்ப் பார்த்திருந்தீர்கள்.

என்னை எடை போடச் சொன்னீர்கள். மளிகைக்கடைத் தராசைக் கேட்டு வாங்கி, அரிசி, ஸ்டவ், தண்ணீர் டிரம், படுக்கை, பாத்திரம் எல்லாவற்றையும் நிறுத்து எழுதினேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல் பொட்டலத் தாளைப் படித்துப் படித்து எழுத்துக் கற்றவளுக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது. அத்தையை மட்டும் தராசில் வைக்க முடியாதே. நீங்கள் அவரை இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்து, "பாதி நெல்லு மூட்டை" என்றீர்கள். அத்தை உங்கள் தோளில் தலை சாய்த்தபடி, "பாதி மூட்டைக்கா டேய் இத்தினி பேரு வண்டி தேடிக்கினு இருக்கீங்க?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

என் கணக்கின்படி அத்தனை எடைக்கும் நெல் மூட்டைகளைக் கூண்டில் அடுக்கினீர்கள். ஏரிக்கரை மேட்டிலிருந்து காரை இறக்கச் சொன்னீர்கள். நானும் தம்பியும் கீழே வயலோரம் நின்றோம்.

பாதி இறக்கம் வரை ஒழுங்காக வந்தது. பிறகு கூண்டு காரைத் தள்ள ஆரம்பித்தது. காரின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறான், சக்கரம் சுழல்வது நின்றுவிட்டது, கார் நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே வருகிறது. கூண்டு ஒரு பக்கமாக வீசித் திரும்பி, காரைக் குறுக்கே இழுத்து, இரண்டுமாக நாற்றங்காலில் இறங்கின. யாருக்கும் அடி இல்லை. உள்ளே மூட்டைகள் மட்டும் கட்டிலை உடைத்துக்கொண்டு ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. நான் அந்தக் கட்டிலைப் பார்த்தேன். நீங்களும் அதைத்தான் பார்த்தீர்கள்.

தம்பி ஓடினார். "நின்னுச்சில்லண்ணா? நின்னுச்சில்ல? அப்புறம் என்ன? நாளைக்கு மெதுவா ஓட்டச் சொல்லலாம்."

"அது நிக்கலைப்பா. சேறு நிறுத்துச்சு."

மறுநாள் விடியலில் வழியனுப்ப அக்கம்பக்கம் எல்லாரும் வந்துவிட்டார்கள். அத்தைக்குக் குளிப்பாட்டி, நெற்றிக்கு இட்டு, அவர் எடுத்து வைத்திருந்த மாம்பழக்கலர் சேலையைக் கட்டிவிட்டேன். மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையை அவர் கையிலேயே வைத்திருந்தார். கார் வந்து நின்றது. நீங்கள் கூண்டையும் வண்டியையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டுகிற இரும்பு ஊசியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, "ஜீப்பு வரட்டும். அது கனம், பிரேக்கும் நல்லது, பிடிச்சு நிறுத்தும். இது வேணாம்," என்றீர்கள். அவ்வளவுதான். ஏரிக்கரையில் நடந்ததைக் கூடியிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். நீங்கள் விளக்குகிறவர் இல்லை. முதலாளி காரை அவமானப்படுத்திவிட்டதாக ஊர் நினைத்தது. தம்பியும் அப்படித்தான் நினைத்தார்.

அத்தை உங்களைத் திட்டவில்லை. சேலையை மாற்ற மட்டும் விடவில்லை. தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் "ஜீப்பா?" என்பார். "இல்லத்தே, தண்ணி வண்டி," என்பேன். "இல்லத்தே, சைக்கிள்காரன்." இப்படியே போய், ஒரு நாள் பகல் உச்சியில், யாரும் எந்தச் சத்தமும் போடாதபோது, "ஜீப்பு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். நான் இல்லை என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஜீப் வந்தது. அத்தையின் காரியத்தன்று வந்தது. மில்காரர் விஷயம் தெரியாமல், என்ஜினை ஏற்றியதும் முதல் வேலையாக அனுப்பிவிட்டார். பந்தலுக்கு வெளியே நிறுத்தி அந்த டிரைவர் குஷியாக ஹாரன் அடித்தான். நீங்கள் எழுந்துபோய், அவனை உட்காரவைத்து, காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினீர்கள். திரும்பி வந்தபோது மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையேண்ணா? அது போதும்."

அதற்குப் பிறகு உங்களிடம் அவர் பேசவே இல்லை. தனிக் கடை வைத்தார், வீடு கட்டினார், கார் வாங்கினார். அதே மாதிரிக் கார். தெருவில் எதிரே வந்தால் நீங்கள் ஒரு ஓரம், அவர் ஒரு ஓரம். போன மாசியில் நெஞ்சு வலியில் நீங்கள் போனபோது வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாடையில் முன்பக்கத் தோள் கொடுத்தது அவர்தான்.

எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. கூண்டை நீங்கள் விற்கவில்லை. எங்கும் கொண்டு போகவும் இல்லை. அத்தையின் காணிக்கையைக்கூட பஸ்ஸில்தான் போய்ச் செலுத்திவிட்டு வந்தீர்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும், நான் விளக்கேற்றுகிற நேரத்தில், அந்த ஊசியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பீர்கள். "ஓடாத வண்டிக்கு எதுக்கு எண்ணெய்?" என்று ஒரு நாள் கேட்டேன். "துரு புடிச்சா கழட்ட முடியாது," என்றீர்கள். உங்களிடம் அதற்கு மேல் கேட்டால் கிடைக்காது. செய்தது சரி என்று மனசு நிறைந்திருந்தால் அந்த ஊசியை ஏன் அப்படிக் கும்பிடுகிற மாதிரித் துடைத்தீர்கள்? தப்பு என்று தோன்றியிருந்தால் தம்பி வீட்டு வாசலுக்கு ஒரு நடை போயிருக்கலாமே?

இன்று காலை சீனுவிடம் நான் முதலில் ஜீப் பற்றித்தான் கேட்டேன்.

"மில்லுக்காரர் ஜீப்பு எப்பவோ வேலூர் பக்கம் போயிடுச்சு பெரிம்மா. விசாரிச்சுட்டேன். தனியார்கிட்ட வேற ஜீப்பு கிடையாது. வேன் கேட்டேன், எங்கேயும் தோதுப்படலை. டாக்டரும் ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்கன்றாரு."

உங்கள் தம்பி மனைவி கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, நீங்கள் பிறகு செப்பனிட்டு வைத்த கட்டிலைத் தடவிப் பார்த்தாள். "இவரு பேச்செல்லாம் திருப்பதி மலை மேலயே இருக்குதுக்கா. நேத்து என்னையே பாத்து, 'அம்மா, ஜீப்பு வந்துச்சா'ன்றாரு," என்றாள். நான் கூண்டின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

டிரைவர் சின்னப் பையன் இல்லை, பொறுப்பான ஆள்தான். "ஏம்பா, இந்தக் கார் இதை இழுக்குமா?" என்றேன்.

"ஏம்மா, சும்மாவா சொல்றோம்? இதே எடைக்குப் பருத்திப் பொதி ஏத்தின வண்டியைக் கட்டி ராஜ வீதி முழுக்க இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தோம். ஜம்முனு வருது."

"ராஜ வீதியிலயா?"

"ஆமாம்மா. நாலு வீதியும்."

நான் சிரித்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. "ஏரிக்கரையில எறக்கிப் பாத்தியா?" என்று கேட்டேன். அவன் சீனுவைப் பார்த்தான். சீனு என்னைப் பார்த்தான். "எறக்கத்துல யாராச்சும் இழுத்துப் பாப்பாங்களா பெரிம்மா? அது தானா வராதா?" என்றான்.

தானாக வருவதுதானே பயம். அதை அவனுக்கு நான் எப்படிச் சொல்வது? உங்கள் பயத்தை நான் சொன்னால், அவன் அப்பாவுக்கு அது உங்கள் பிடிவாதமாகத்தான் கேட்கும். பாட்டிக்கு நடந்தது அவருக்கும் நடக்கட்டும் என்று பெரிம்மா நினைக்கிறாள் என்று கேட்கும்.

பகலெல்லாம் யோசித்துவிட்டேன். டிரம்மை விட்டுவிடலாம், தண்ணீர் வழியில் கிடைக்கும். ஸ்டவ் வேண்டாம். கூட ஒரே ஆள் போதும். கனமானதைச் சக்கரத்துக்கு நேர்மேலே வைக்கலாம், கொக்கியோடு ஒரு சங்கிலியும் போடலாம். இத்தனையும் செய்தால் எடை குறையும். ஆனால் கூண்டே இரும்பு, அதற்கென்று தனியாகப் பிரேக்கும் கிடையாது. முட்டுக்கட்டை போட நாலு பேரைக் கூட ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால், அவர்கள் எடை வேறு! இப்படி நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள்.

பெருமாள் சன்னதியில் பூ கட்டிப் பார்க்கலாமே என்றாள் உங்கள் தம்பி மனைவி. வெள்ளைப் பூ வந்தால் போகட்டும், சிவப்பு வந்தால் வேண்டாம். எத்தனையோ காரியத்துக்கு நான் பூ கட்டிப் பார்த்தவள்தான். இதற்கு எனக்குக் கை வரவில்லை. ஒரு பூவின் மேல் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அன்றைக்கு வேண்டாம் என்று நின்றது பெருமாள் இல்லை, நீங்கள். கட்டில் உடைந்து கிடந்ததை நானும் பார்த்தேன். அத்தை கேட்டுக்கொண்டே போனதையும் நான்தான் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறவளிடம் இப்போது உங்கள் தம்பி கை நீட்டுகிறார்.

ஊசி என் மடியில் இருக்கிறது. நீங்கள் போன பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் போட்டு வருகிறேன், அதனால் துரு இல்லை. மாட்டினால் மாட்டிக்கொள்ளும். கழற்றினால் கழன்று வரும்.

வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். காரோடு வருவார்கள். அன்றைக்கு மடியில் செருகிக்கொண்டது சரியா, இல்லையா? கனவில் வந்தாலும் சரி, வேறு எப்படி வந்தாலும் சரி. வழக்கம்போல ஒரே வார்த்தையில் சொன்னாலும் போதும். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.