சம இரவுக்கு முன் ஒன்பது நிமிடம்

மார்ச் 4, பகல் 12.55
மூன்றாவது நாளாகக் கேபிள் டி.வி. சிக்னல் போனது. ஐந்து நிமிடம். நானூறு வீட்டு டி.வி.யில் படம் உறைந்தது. நானூறு பேரும் எனக்கே போன் போட்ட மாதிரி இருந்தது. கேபிளை மாற்றியாயிற்று. மூன்று நாளும் அந்த நேரத்தில் கன்ட்ரோல் ரூமில் இருந்தது ஆபரேட்டர் அக்கா மட்டும்.

மார்ச் 5
ஏழு நிமிடம். அக்காவைக் கேட்டேன்.
"நான் எதையும் தொடலை தம்பி. மாடியில போய் டிஷ்ஷைப் பாரு. சரியா அந்த நேரத்துக்கு, டிஷ் முன்னாடி நீட்டிட்டிருக்கிற பெட்டியோட நிழல் தட்டுக்கு நடுவுல விழுது."
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.
"டிஷ்ஷுக்கு வெயில் சுடுதாக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 6
அறிக்கை கொடுத்துவிட்டேன். காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. மேனேஜர் முழுசாகக்கூடப் படிக்கவில்லை. "நீ படிச்சவன், சரியாத்தான் இருக்கும்." அக்காவை நாளை முதல் வரவேண்டாம் என்றுவிட்டார். பதினோரு வருஷ வேலை.
தப்பு செய்தவர் போனால் எனக்கென்ன?

மார்ச் 7
அறையைப் பூட்டிச் சாவியை நானே வைத்திருந்தேன். 12.41க்குச் சிக்னல் போயிற்று. ஒன்பது நிமிடம்.
மாடிக்கு ஓடினேன். நிழல் தட்டின் நட்டநடுவில்.

மார்ச் 8
ஈக்வினாக்ஸ், சம இரவு நாள். இந்த மாதம் இருபதாம் தேதி வாக்கில். லத்தீனில் 'சமம்', 'இரவு' — இரண்டையும் ஒட்டிய சொல். பகலும் இரவும் சரிபாதி என்று அர்த்தம். அதுகூட முழு உண்மை இல்லை. காற்று ஒளியை வளைப்பதால் அன்றைக்குப் பகல் சில நிமிடம் கூடுதல். பெயர் வைத்தவன் கையில் கடிகாரம் இல்லை போல.
அந்த நாளையொட்டி, வருஷத்துக்கு இரண்டு முறை, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது; பெட்டியின் நிழல் நடுவில் விழுவது அதனால்தான். சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். தானாக வரும், சில நாளில் தானாகப் போகும். இதே கேள்விக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் நான். சீ.
போன வருஷம் வேறு ஊரில் டவர் வேலை, அதனால் பார்க்கவில்லை — இதெல்லாம் ஒரு சாக்கா? அக்கா கண்ணால பார்த்துச் சொன்னாங்க. நான் எழுந்து மாடிக்குக்கூடப் போகலை.
மேனேஜரிடம் சொன்னேன். "ஆறாம் தேதி ஒண்ணு, எட்டாம் தேதி ஒண்ணாப்பா? புது ஆளுக்குச் சொல்லியாச்சு."

மார்ச் 9, காலை 6.10
1. அறிக்கை தவறு, தவறு என்னுடையது என்று எழுத்தில் கொடுப்பது. நகல் முதலாளிக்கு.
2. இன்னொரு நகல் அறிவிப்புப் பலகையில். மேனேஜர் கிழித்தால் மறுபடி ஒட்டுவது.
3. அக்கா வீட்டுக்குப் போவது. போனில் இல்லை, நேரில். உட்காரச் சொன்னால் உட்காருவது. சொல்லாவிட்டால் வாசலில் நின்றபடியே சொல்வது.