ஊமை ட்வீட்டர்

என் வீட்டு மகராசிக்கு,

நீ மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. மூடிய தியேட்டரிலிருந்து நான் தூக்கிவந்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் என் பிராணனை வாங்குகின்றன.

பெரிய ஸ்பீக்கரின் கிழிந்த காகிதக் கோனை மாற்றினேன். அடிச் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும், கீச்சுச் சத்தத்தைக் குட்டி ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரையும் நானே செய்தேன். அதன் செம்புக் கம்பிக் காயிலை உன் இருமல் மருந்து பாட்டிலில்தான் சுற்றினேன். பெரியது நன்றாக முழங்குகிறது. ட்வீட்டர்தான் ஊமை!

மூன்று ட்வீட்டர் மாற்றியாயிற்று. "டூப்ளிகேட்டை என் தலையில கட்டுறியா?" என்று கடைக்காரனிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவன் ஏதோ பதில் சொன்னான். உன்னைப் போலவே அவனும் வாய்க்குள் பேசுகிற ஆள். ஆத்திரத்தில் ட்வீட்டரின் சத்தத்தை அடக்கி வைக்கிற ரெசிஸ்டரையும் பிடுங்கி எறிந்தேன். அப்போதும் அது வாயைத் திறக்கவில்லை.

நேற்று மாடி வீட்டு டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, அந்தக் கீச்சை நிறுத்துங்க! ரெண்டு நாளா மேல உக்கார முடியல!"

"எந்தக் கீச்சு?" என்றேன்.

அவர் ட்வீட்டரைக் காட்டினார்.

கடைக்காரனிடம் இன்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அது சுலபமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது நீ வாசலில் நின்று என்னிடம் ஏதோ சொன்னாய். நானும் "சரி சரி" என்று தலையாட்டினேன். நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாய்.

அன்றைக்கு என்ன சொன்னாய்? போன் பண்ணாதே. எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்