ஒன்றேகால் கிலோ பெயின்ட்

6-7-93, செவ்வாய்

காலை ஷிப்ட். நானூற்றுப் பன்னிரண்டு மொபெட் டேங்க் பார்த்தேன். முப்பத்தொன்றைத் திருப்பி அனுப்பினேன். பெயின்ட் ஷாப்பில் என்னைக் கண்டால் முதலில் என் கையைத்தான் பார்க்கிறார்கள், சாக்பீஸ் இருக்கிறதா என்று. குண்டூசி முனை அளவுக்குத் துளை தெரிந்தாலும் சுற்றி வட்டம் போட்டுவிடுவேன். போட்டால் போட்டதுதான். பத்து வருஷத்தில் ஒன்றைக்கூட அழித்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் கால் வைக்க இடமில்லை. ஆறரை அடி நீள விமானம். தலை சமையலறை வாசலில், வால் கட்டிலுக்கு அடியில். என் வீட்டுக்காரர் பெரியதம்பி, வேறொரு கம்பெனியின் டூல்ரூமில் இரும்பைச் சீவுகிறவர். வீட்டில் பதினொரு மாதமாக மரத்தைச் சீவிக்கொண்டிருக்கிறார். பெங்களூரில் செய்த ‘மாருத்’ போர் விமானமாம், அதில் எட்டில் ஒரு பங்கு. தரையில் நின்றபடி ரேடியோ பெட்டியால் ஓட்டலாமாம். இது எழும்புமா? எழும்பும் என்கிறார். மேலே கேட்டால் சிரிக்கிறார்.

11-7-93, ஞாயிறு

பெங்களூரிலிருந்து பாஸ்கரன் சார் வந்திருந்தார். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரேடியோ பெட்டி, என்ஜின் எல்லாம் அவருடையது. ஓட்டப்போவதும் அவர்தான்.

ஜெட் என்றால் பின்னால் நெருப்பு வருமா என்று கேட்டேன்.

“நெருப்பெல்லாம் இல்லம்மா. வயித்துக்குள்ள ஒரு ஃபேன். முன்னாடி காத்தை இழுத்துப் பின்னாடி தள்ளும். அவ்வளவுதான்.”

“அப்போ இது ஜெட் இல்ல, ஜெட் வேஷம்” என்றேன். லால் பாஷா விழுந்து விழுந்து சிரித்தார். பாகலூர் ரோட்டில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறார்; தண்ணீர்த் தொட்டி, பஸ் சீட் வார்ப்பவர். என் வீட்டுக்காரர் சீவிய மர அச்சை வைத்து விமானத்தின் உடம்பை ஃபைபரில் வார்த்தவர் அவர்தான்.

கிளம்பும்போது பாஸ்கரன் சார் ஒன்று சொன்னார். “மொத்தம் ஏழு கிலோவுக்குள்ள இருக்கணும். மேல போச்சுன்னா இந்த ஃபேன் தூக்காது.” நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

“பெயின்ட்டுக்கு இன்ஸ்பெக்ஷன் யாரு? நம்ம அக்காதான்” என்றார் லால் பாஷா. விளையாட்டாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

18-7-93, ஞாயிறு

மேலே பச்சையும் பழுப்பும், அடியில் வெளிர் சாம்பல். சரி, என்ன பச்சை? பாஸ்கரன் சாரிடம் இருக்கும் போட்டோ கறுப்பு வெள்ளை. “ஸ்வல்பம் மங்கின பச்சை” என்கிறார். மங்கின பச்சை என்று ஒரு டப்பா எந்தக் கடையில் விற்கிறது?

22-7-93, வியாழன்

தளி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் மடியில் முட்டைக்கோஸ் மூட்டை. மேல் இலை ஒன்றைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கன்னடத்தில் கேட்டாள். விமானத்துக்கு என்றேன். இலையைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

25-7-93, ஞாயிறு

முட்டைக்கோஸ் இல்லை. புளிய இலை இல்லை. அவரை இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினேன். பாஸ்கரன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “இதேதாம்மா!” மூன்று டப்பா கலந்து, ஒரு சொட்டுக் கறுப்பும் விட்டு, அந்த நிறத்தைப் பிடித்துவிட்டேன். ஒரு நிறம் பிடிபட்டதற்கு மனுஷி இவ்வளவு சந்தோஷப்படுவாளா? பட்டேன்.

8-8-93, ஞாயிறு

லால் பாஷா பட்டறையில் முதல் கோட். கம்ப்ரஸர் அவருடையது, ஸ்ப்ரே கன் பிடித்தது என் வீட்டுக்காரர். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினோம். அப்படியும் அடுத்த ஷெட்டில் கிரானைட் அறுக்கிற மாவு காற்றில் வந்து ஈரத்தில் உட்கார்ந்துவிட்டது. பதினேழு வட்டம் போட்டேன். பதினொன்று வால் பக்கம். அங்கேதான் இரண்டு பாதி உடம்பும் சேர்கிற ஒட்டு.

“அக்கா, பறக்கறப்போ இதெல்லாம் யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்” என்றேன்.

15-8-93, ஞாயிறு

துளைகளைப் பட்டி பூசி அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி கோட். ஒன்பது வட்டம்.

29-8-93, ஞாயிறு

நான்கு. எல்லாம் வாலில். மறுபடி பட்டி.

12-9-93, ஞாயிறு

ஒன்றுமில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, வால் முதல் மூக்கு வரை விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். ஒரு துளை இல்லை, ஓர் ஒழுகல் இல்லை. இப்படியொரு பரப்பை என் கம்பெனியில் பார்த்ததில்லை. பாஸ் என்றேன். லால் பாஷா கைதட்டினார். இவர் தட்டவில்லை. வால் பக்கம் நின்று, இரண்டு விரலை அடியில் கொடுத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு “நல்லா இருக்கு பவளம்” என்றார். களைப்பு போலிருக்கிறது.

3-10-93, ஞாயிறு

இதை எழுத மனமில்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

காலை ஆறரைக்கு சிப்காட் தொழிற்பேட்டையின் இரண்டாம் கட்ட ரோடு. புதிதாகத் தார் போட்டது, நேராக ஒன்றரை கிலோமீட்டர், இன்னும் கம்பெனி ஒன்றும் வரவில்லை, இருபுறமும் கேழ்வரகு. பாஸ்கரன் சார் பெட்டியைப் பிடித்தார். என்ஜின் சத்தம், வெறும் ஜாரில் மிக்ஸி ஓடுகிற மாதிரி. ஓடியது, ஓடியது, ரோடு முழுக்க ஓடியது. மூக்கு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. கடைசியில் ஜல்லிக் குவியலுக்கு முன்னால் அவர் என்ஜினை அணைத்துவிட்டார். மூன்று முறை. மூன்று முறையும் அப்படியே.

“வெயிட் என்ன?” என்றார் பாஸ்கரன் சார். இவர் பதில் சொல்லவில்லை. காற்று சரியில்லை என்றார் லால் பாஷா. காற்றே இல்லை.

4-10-93, திங்கள்

ஏன் பதில் சொல்லவில்லை?

6-10-93, புதன்

பட்டறைக்கே போய்க் கேட்டேன். லால் பாஷா முதலில் பட்டறைப் பையனை டீ வாங்கி வரச் சொன்னார், பிறகு மழையைப் பற்றிப் பேசினார். நான் எழுந்திருக்கவில்லை.

“அக்கா, அண்ணன் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு.”

“எதை?”

“மூக்குல ஈயம் இருக்கு. அரைக் கிலோ.”

பெயின்ட்டும் பட்டியும் வாலில் ஏறிவிட்டன. வால் கனத்தால் விமானம் பின்பக்கம் சாய்கிறது. அதைச் சமன்செய்ய இவர், லாரி டயர்க் கடையில் சக்கரத்துக்கு ஒட்டுகிற ஈயத் துண்டுகளை வாங்கி மூக்குக்குள் ஒட்டியிருக்கிறார். வெங்காய மண்டித் தராசில் நிறுத்தும் பார்த்திருக்கிறார்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் ஆறு கிலோ இருநூறு. இப்போது ஏழு தொள்ளாயிரத்து ஐம்பது. ஈயம் போனால் மிச்சம் ஒன்றேகால் கிலோ. அவ்வளவும் நான் போட்ட வட்டம்.

பெயின்ட்டுக்கு எடை உண்டு என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? பத்து வருஷத்தில் எத்தனை ஆயிரம் டேங்க்! பளபளப்பைப் பார்த்திருக்கிறேன், தடிமனைப் பார்த்திருக்கிறேன். எடையை யார் கேட்டார்கள்?

வீட்டில் சண்டை. சண்டை என்றால் நான் மட்டும் கத்தினேன். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? ஊருக்கெல்லாம் தெரியுது, எனக்கு மட்டும் தெரியல!”

இவர் சொன்னார்: “உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ வட்டம் போட்டுட்டா அதுக்குமேல பேச்சு உண்டா?”



7-10-93, வியாழன்

வேறு என்னென்ன சொல்லாமல் வைத்திருக்கிறார்? சாம்பாரில் உப்பு கூடினால் சொல்கிறாரா? போன வருஷம் இவர் தம்பி கல்யாணத்துக்குப் போக வேண்டாம் என்று நான் முடிவு செய்தபோது சும்மா தலையாட்டினாரே — அது சம்மதமா? கம்பெனியில் என் கையைப் பார்க்கிற மாதிரி வீட்டிலும் பார்க்கிறாரா? சீ, என்ன பொம்பளை நான்.

9-10-93, சனி

இவர் கம்பெனி மேனேஜர் விமானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆளனுப்பியிருக்கிறார். ஆயுத பூஜைக்கு வரவேற்பறையில் வைத்து, மாலை போட்டு, பொட்டு வைத்து, பிறகு கண்ணாடிப் பெட்டியில் நிரந்தரமாக வைக்கிறார்களாம். இவருக்குப் பெயர் போட்ட பலகையும் உண்டாம்.

“குடுத்துடலாம். உன் பெயின்ட்டை நாலு பேர் பாப்பாங்க” என்றார்.

எனக்காகத்தான் சொல்கிறார். அது முகத்திலேயே எழுதியிருக்கிறது. பறக்க வேண்டும் என்று பதினான்கு மாதம் உழைத்தவர்.

“உங்களுக்கு என்ன வேணும்?” என்றேன்.

“எனக்கென்ன…”

“கேக்கறேன் இல்ல? சொல்லுங்க.”

உத்தரத்தைப் பார்த்தார். “பறக்கணும்.”

10-10-93, ஞாயிறு

பாஸ்கரன் சார் மாசக் கடைசிக்குப் பிறகு பூனாவுக்கு, மகள் வீட்டோடு போகிறார். ரேடியோ பெட்டியும் கூடவே போகும். முப்பத்தொன்றாம் தேதிதான் கடைசி ஞாயிறு. மூன்று வாரம். பெயின்ட்டைத் தேய்த்தெடுக்க உப்புத்தாள் இரண்டு டஜன், தண்ணீர் பக்கெட். வால் பக்கம் நானே உட்கார்ந்தேன். இவர் கையை நீட்டினார்; கொடுக்கவில்லை. ஏற்றியவள் இறக்கட்டும்.

14-10-93, வியாழன்

வேடிக்கை ஒன்று கண்டேன். தேய்க்கத் தேய்க்க வளையம் வளையமாக வருகிறது, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி. மேலே பச்சை, கீழே பிரைமர், பட்டி, மறுபடி பச்சை, மறுபடி பட்டி. இது ஆகஸ்ட் பதினைந்து, இது இருபத்தொன்பது என்று தேதி சொல்ல முடிகிறது. ஏழு அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம்.

17-10-93, ஞாயிறு

விரல் நுனியில் ரேகை தெரியவில்லை. பெயின்ட் போவது வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாள் அழுதேன். இப்போது இல்லை. எத்தனை கிராம் போனது என்று தினமும் நிறுத்துப் பார்க்கத்தான் ஆசையாக இருக்கிறது. மண்டிக்காரர் ஆஞ்சப்பன் என்னைக் கண்டதும் தராசிலிருந்து வெங்காயத்தை இறக்கிவிடுகிறார்.

24-10-93, ஞாயிறு

ஒரே ஒரு கோட், மெல்லிசாக. அவரை இலைப் பச்சைக்கு அடியில் பிரைமர் மங்கலாகத் தெரிகிறது. தூசியும் உட்கார்ந்திருக்கிறது. டார்ச்சை நான் கொண்டுபோகவே இல்லை. கொண்டுபோனால் பிடித்துவிடுவேன். ஈயம் எண்பது கிராம் போதுமாம். மொத்தம் ஆறு கிலோ அறுநூற்றைம்பது.

பூஜைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் வேண்டாம் என்று போன வாரமே இவர் மேனேஜரிடம் சொல்லிவிட்டார். நேரிலேயே போய்ச் சொன்னாராம். இவரா!

30-10-93, சனி

சாயங்காலம் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். இவர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“பவளம், வலது ரெக்கை சேர்ற எடத்துல மயிரிழை விரிசல். நேத்தே பாத்தன். உங்கிட்ட சொல்லிடலாம்னு வந்தன்.”

எழுந்துபோய்ப் பார்த்தேன். விரிசல்தான். நாளைக் காலை பறக்க வேண்டியது. இது போகாது, நிறுத்துங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. கம்பெனியாக இருந்தால் அதற்குள் வட்டம் போட்டிருப்பேன்.

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“உள்பக்கம் ஒரு துண்டு ஃபைபர் துணி போட்டா தாங்கும். பத்து கிராம்.”

“தாங்குமா?”

“தாங்கும்.”

“அப்போ போடுங்க” என்றேன்.  துணி வெட்டக் கத்தரிக்கோலும் எடுத்துக் கொடுத்தேன்.

31-10-93, ஞாயிறு

பறந்தது.

பறந்தது, பறந்தது, பறந்தது.

ரோட்டின் ஒரு முனையில் லால் பாஷா சிவப்புத் துண்டை ஆட்டி மொபெட்களை நிறுத்தினார். ஓட ஆரம்பித்து இரண்டாவது கரண்ட் கம்பத்தருகே மூக்கு எழும்பியது. சக்கரத்துக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது! கோட்டளவு வெளிச்சம்தான். கேழ்வரகுக் கொல்லைக்கு மேலே போய்ப் பெரிதாக வளைந்து திரும்பியது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் கூடவே ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியவில்லை.

பச்சை தெரியவில்லை. பழுப்பும் தெரியவில்லை. வானத்தில் கறுப்பாக ஒரு உருவம், அவ்வளவுதான். அதைக்கூடக் கீழே வந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். என் கைக்கடிகாரத்தில் நான்கு நிமிஷம் பத்து வினாடி.

இறங்கும்போது முன்சக்கரக் கால் மடங்கிவிட்டது. வயிறு தாரில் உரசிக்கொண்டு வெகுதூரம் சறுக்கியது. இவர் ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார்: “அடியில எல்லாம் போயிடுச்சு பவளம்! ஃபைபர் தெரியுது!” முகம் நிறையச் சிரிப்பு. இவ்வளவு சத்தமாக இவர் எனக்கு ஒரு பழுது சொன்னதே இல்லை. உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மத்தியானம் பாஸ்கரன் சார் என்ஜினையும் ஃபேனையும் ரேடியோவையும் கழற்றிப் பெட்டியில் கட்டிக்கொண்டார். கூடு மட்டும் வீட்டுக்கு வந்தது.

4-11-93, வியாழன்

பாகலூர் பக்கம் ரோடு வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். கம்பெனி பஸ் இன்று இரண்டாம் கட்ட ரோடு வழியாகப் போனது. எழுந்து நின்று பார்த்தேன். கறுப்புத் தாரில் வெளிர் சாம்பலாக நீளமாக ஒரு கோடு. இரண்டு மழை பெய்தும் போகவில்லை.

“என்னாடி அங்க? யாரோ சுண்ணாம்பு மூட்டையை இழுத்துக்கினு போனாப்பல இருக்கு” என்றாள் என்னோடு வேலை செய்யும் நாராயணம்மா.

“இல்லக்கா. அது என் பெயின்ட்.”

புரியாமல் பார்த்தாள். கேட் வரும்வரை முழுக் கதையும் சொன்னேன். ஈயத்தையும் விடவில்லை, என் வட்டங்களையும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் கோட்டைப் பற்றிச் சொன்னதும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். எத்தனை அடி சறுக்கியது என்று தெரிந்தால், என்ன வேகத்தில் இறங்கியது என்று கணக்குப் போடலாமாம். நாளை எனக்கு இரண்டாவது ஷிப்ட். காலையில் இரண்டு பேருமாகப் போய் அளக்கலாம் என்றார்.

“இனிமே அது எதுக்கு?” என்றேன்.

“அடுத்ததோட முன்காலுக்கு. அப்புறம், அடுத்ததுக்கு எடை பாக்கிற வேலை உன்னுது. மொத நாள்லேருந்து.”

அளக்கிற டேப்பை என் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.