அழாத பிள்ளைக்கு நட்சத்திரம்

என்னங்க, முதுகுவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

நான் வேலை பார்க்கும் இந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அழும் குழந்தையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அழுகையை நிறுத்தியதும் கையில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். "நாலே நாள்ல பழகிடும் பாருங்க" என்கிறார் மேலாளர், நாய்க்குட்டியைப் பழக்குவதுபோல. நேற்று இரண்டு வயதுக்காரி ஒருத்தி, அம்மா போனதும் அழுகையை விழுங்கிக்கொண்டு என்னிடம் கையை நீட்டினாள். ஒட்டினேன். சீ, என் விரலைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

என் பழைய போர்வையைத் துவைக்காமல் அனுப்புங்கள், அதில் நம் மகளின் வாசம் இருக்கும். போனில் அழாமல் பேசினால் நம் மகளுக்கு மிட்டாய் தருகிறீர்களாமே, அத்தை சொன்னார்கள். இனி தராதீர்கள். என்னிடமாவது அவள் அழட்டும்.

இங்கே ஒருத்தி தூங்கி எழுந்து அழுகிறாள். யார் பார்த்தாலும் சரி, தூக்கப் போகிறேன்.

உங்கள் மனைவி