ஒரு டம்ளர் டீயும் என் கணையமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். ‘சுகம்’ என்று வழக்கமாகக் கை தானாக எழுதிவிடும், இந்தத் தடவை ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பதறாமல் கடைசி வரை படி. இரண்டு மாதமாக மேல்வயிற்றில் வலி. ஸ்கேனில் கணையத்தில் ஏதோ நிழல் என்றார்கள். எனக்குக் கணையம் என்று ஒன்று இருப்பதே அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது, அதுவும் அதன் மேல் புகார் வந்த பிறகு. அது இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதாம், வாய் வழியாகக் குழாய் விட்டு அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டால் கிட்டே போய்ப் பார்த்தால்தான் புற்றுநோயா இல்லையா என்று தெரியும் என்றார் டாக்டர். அம்மா கலங்குவாளே என்று மறைத்து, பேங்குக்குப் போவதாகச் சொல்லிக் காலையில் கிளம்பினேன். வெறும் வயிறாக வரச் சொல்லியிருந்தார்கள். அவள் டீயை நீட்டினாள். டீயை வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சரித்திரமே இல்லை, சொன்னால் மாட்டிக்கொள்வேன். குடித்துவிட்டேன். அங்கே நர்ஸம்மா, கூட யார் வந்திருக்காங்க, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். மயக்கம் குடுக்கிற டெஸ்டுக்கு டீயும் குடிச்சிட்டுத் தனியாவும் வந்திருக்கீங்களே பெரியவரே என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டில் அம்மா, பாஸ்புக்கு பீரோவுல கிடக்கு, நீங்க எந்த பேங்குக்குப் போனீங்க என்றாள்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். அடுத்த முறை அம்மாவும் கூட வந்தாள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல். யாருக்குங்க டெஸ்டு என்று நர்ஸம்மாவுக்கே சந்தேகம். நிழலாகத் தெரிந்தது ஒரு கட்டியாம், குழாய் வழியாகவே ஊசி விட்டு அதிலிருந்து நீர் எடுத்தார்களாம், நான் நன்றாகத் தூங்கினேன். ரிசல்ட் வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் எங்களுக்குள் ஒரு சண்டைகூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேற்று வந்தது, வெறும் நீர்க்கட்டி, புற்றுநோய் இல்லை என்று டாக்டரே சொன்னார். ஆனாலும், ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு அம்மா கத்தியபோதுதான் நம்பினேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். கூட யார் என்று கேட்பார்கள். அம்மா பட்டினி கிடந்து விழுந்துவிடுவாள், அதனால் உன் லீவைக் கொஞ்சம் பார்த்துக்கொள். உனக்கு ஏதாவது வலி என்றால் எங்களிடம் மறைக்காதே, மறைக்கிற சாமர்த்தியம் நம் குடும்பத்துக்கு வராது. இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
நீ வரும்போது வெறும் வயிறாக இருக்கப்போகும்
உன் அப்பா