பெல்ட் போட்ட படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம், நம்பு.

பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம் என்று கம்பெனியில் எங்களை ஏசி அறையில் உட்காரவைத்து, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக இருக்கிறதே என்று அப்போதே நினைத்தேன். உயரத்திலிருந்து விழாமல் காக்கும் பெல்ட்டை மாட்டவைத்துப் படமெடுத்து, அவர்களே வீடுகளுக்கும் அனுப்பினார்கள். பிறகு பெல்ட்டைக் கழற்றி வாங்கிப் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் சாரம் ஏறும்போது மேஸ்திரியிடம் பெல்ட் கேட்டேன். "அதான் ட்ரெயினிங் குடுத்தாச்சே, இன்னும் என்ன பயம்?" என்றார்.

நேற்று மேலே பலகை கொஞ்சம் நழுவியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஊருக்கு வந்திருக்கும் என் அறைக் கூட்டாளியிடம் நீ முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் கொடுத்தனுப்பு. இங்கேயும் கிடைக்கிறது, வாசனைதான் வேறு.

ஒன்று கிடக்க ஒன்று ஆனால், "பெல்ட் குடுத்தோம், உங்க பையன்தான் போடல" என்று சொல்லத்தான் அந்தப் படம். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாயாம், தங்கை சொன்னாள்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. முதலில் அந்தப் படத்தை இறக்கிவிடு அம்மா.

உன் மகன்